கரண்ட் பற்றாக்குறை குறித்து ஒரு சிறப்புரை

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். டீச்சர், டிரைவர், நர்ஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோலியைப் பார்க்கப் போய்விடலாம். நான் சர்வதேசப் பேரியல் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது இதை விளக்கத் தொடங்கினால், நான் முடிப்பதற்குள் அவர் ஏற வேண்டிய பஸ் சேத்தூரைத் தாண்டியிருக்கும்.

இப்போது பரவாயில்லை, ஓரளவு சொல்லத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், நிறைந்த சபையில், என் மானம் போன பிறகுதான் அது தெரிந்தது.

அப்போது வெளிநாட்டில் முனைவர் பட்டத்தை முடிக்கும் கட்டத்தில் இருந்தேன். அடுத்த மாதம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்கான நேர்காணல். அங்கே என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஒத்திகை பார்த்த என் வழிகாட்டிப் பேராசிரியர், "ஆராய்ச்சி மிக நன்றாக இருக்கிறது. எதைப் பற்றியது என்பதுதான் தெரியவில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கவலையை மூட்டை கட்டிக்கொண்டு மார்கழி விடுமுறைக்கு ராஜபாளையம் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் வேறு மாதிரிக் கவலை. அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "பெரிய படிப்பு" என்பார். என்ன படிப்பு என்று கேட்டால், "ரொம்பப் பெரிய படிப்பு" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா அத்தனை பேர் முன்னாலும், "பேரு சொல்லத் தெரியாத படிப்புக்கா பொம்பளப் புள்ளைய அம்புட்டு தூரம் அனுப்பி வச்ச?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பதில் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். இதை அம்மா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் சங்கரலிங்கம் மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மீதி நேரத்தில் அவர்கள் தெரு நலச் சங்கத்துக்குத் தலைவர். (எது மீதி நேரம் என்பதில் அத்தைக்கு மாற்றுக் கருத்து உண்டு.)

"ஏட்டி, ஒனக்கு ஒரு பாராட்டு விழா வச்சிருக்கேன். நீ பேசணும். தலைப்பச் சொல்லு, பிளக்ஸ் அடிக்கணும்."

"கரண்ட் அக்கவுண்ட் டெஃபிசிட், மாமா."

"என்னது?"

"அதாவது மாமா, கரண்ட்... பற்றாக்குறை. எந்தெந்த நாட்டுக்கு எம்புட்டுப் பற்றாக்குறை, ஏன் வருது, அத எப்படிச் சரி பண்ணலாம்... இதான் என்னோட ஆராய்ச்சி."

மாமாவின் குரல் தழுதழுத்தது. "ஏட்டி, இதையா இத்தன வருசமாப் படிச்ச? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல! நம்ம ஊருக்கு இதவிட வேற என்ன வேணும்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேராசிரியருக்கே விளங்காத என் ஆராய்ச்சியின் அருமை, போனிலேயே மாமாவுக்கு விளங்கிவிட்டதே என்று பூரித்துப் போனேன். மாமா காலை முதல் மாலை வரை வயரும் ஃபியூஸுமாக வாழ்கிற மனிதர், அவர் காதில் 'கரண்ட்' என்ற சொல் எப்படி விழும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அன்று புத்தி இல்லை.

ஒரு நாடு வெளிநாடுகளுக்கு விற்பதைவிட அங்கிருந்து வாங்குவது அதிகமானால் துண்டு விழும் இல்லையா, ஏறக்குறைய அதுதான் நான் சொன்ன பற்றாக்குறை. அதற்கு 'நடப்புக் கணக்குப் பற்றாக்குறை' என்று தமிழில் அழகான பெயர் இருப்பது எனக்கு அன்று தெரியாது. (தெரிந்து சொல்லியிருந்தால் கூட்டமே வந்திருக்காது.)

விழா நாளன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அப்பா அம்மாவோடு போய் இறங்கினேன். மண்டப வாசலில் ஆளுயர பிளக்ஸ். 'உலக நாடுகளின் கரண்ட் பற்றாக்குறை: தீர்வு சொல்கிறார் நம்ம ஊர் டாக்டர்!' என்று போட்டிருந்தது. 'அக்கவுண்ட்' என்ற சொல்லைக் காணவில்லை. இடம் போதவில்லை போலும் என்று விட்டுவிட்டேன். என் படத்துக்குப் பின்னால் பெரிதாக ஒரு மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியைக் குறிப்பால் காட்டியிருக்கிறார்கள், என்ன ஒரு ரசனை என்று மெச்சிக்கொண்டேன்.

உள்ளே போனால் நிற்க இடமில்லை. நான் அதுவரை பேசிய கருத்தரங்குகளில் கேட்பவர்களைவிடக் காலி நாற்காலிகள்தான் அதிகம். இங்கே சேத்தூரிலிருந்து விவசாயிகள் மோட்டார் பைக்கில் வந்திருந்தார்கள். சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து எலக்ட்ரிக்கல் படிக்கும் மாணவர்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். பொருளாதாரத்தின் மீது நம் மக்களுக்கு எத்தனை தாகம் என்று எனக்குக் கண் கலங்கியது. முதல் வரிசையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியப்பா.

பேச ஆரம்பித்தேன்.

"பல நாடுகளுக்குத் தங்கள் தேவைக்குச் சொந்த உற்பத்தி போதவில்லை. வெளியிலிருந்து வருவதை நம்பித்தான் ஓடுகிறார்கள்."

"உண்மை, உண்மை!" என்றது கூட்டம்.

"வந்துகொண்டிருப்பது ஒருநாள் திடீரென்று நின்றுவிடும். முன்னறிவிப்பே இருக்காது. இதை எங்கள் துறையில் 'சடன் ஸ்டாப்' என்போம்."

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. ஒருவர் நாற்காலி மேல் ஏறி, "எங்க ஊருல தெனமும் நிக்குதும்மா!" என்றார். நகைச்சுவையாகச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன்.

"அப்படி நிற்கும்போது முதலில் அடி வாங்குவது யார்? ஏழை நாடுகள்தான். பணக்கார நாடுகளுக்கு ஒன்றும் ஆகாது."

"அப்படிப் போடு!" என்று தறிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரியப்பா கைதட்டினார். அதைப் பார்த்து எனக்கு ரெக்கை முளைத்துவிட்டது. ஒரு நாட்டில் அடிக்கும் ஷாக் இன்னொரு நாட்டுக்கு எப்படிப் பாய்கிறது, அதற்கு நாங்கள் 'டிரான்ஸ்மிஷன்' என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றெல்லாம் அடுக்கினேன். மாணவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். (அவர்களில் எத்தனை பேர் அதைத் தேர்வில் எழுதினார்களோ, கடவுள்தான் அவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.)

கேள்வி நேரம் வந்தது. சேத்தூர் விவசாயி ஒருவர் மைக்கை வாங்கினார்.

"அம்மா, நீங்க சொன்ன அதே ஷாக்குதான். போன மாசம் எங்க மாட்டுக்கு அடிச்சுருச்சு. உசுரு பொழச்சுக்கிருச்சு. ஆனா பாலு பாதியாக் கொறஞ்சு போச்சு. அது எப்பம்மா பழையபடி திரும்பும்?"

மாட்டை நாட்டுக்கு உவமையாகச் சொல்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். இத்தனை நுட்பமான ஒரு கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் நான் சந்தித்ததில்லை. நெகிழ்ந்துபோய், மிகுந்த பொறுப்போடு பதில் சொன்னேன்.

"அருமையான கேள்வி ஐயா. ஷாக் அடித்த பிறகு உற்பத்தி உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. பல வருடங்கள் ஆகும். சில சமயம் பத்து வருடம்கூட."

அவர் என்னையே பார்த்தார். "பத்து வருசம் மாடு இருக்குமாம்மா?"

சிரிப்பு வருமென்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பின்னாலிருந்து ஒரு தறிக்காரர் எழுந்தார். "அது கெடக்கட்டும்மா. எங்க தெரு டிரான்ஸ்பார்மர மாத்த எம்புட்டு நாளாகும்? அதச் சொல்லுங்க."

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மின்னல் விளங்கியது. விசில் விளங்கியது. மாமாவின் தழுதழுப்பு விளங்கியது.

"மன்னிக்கணும்" என்றேன். "நான் மின்சாரத் துறை இல்லைங்க. நான் சொன்ன கரண்ட் வேற கரண்ட்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. தறிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"வேற கரண்ட்டுன்னா... த்ரீ பேஸா?"

இல்லை என்று தலையாட்டினேன். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. "லீவு போட்டு வந்தேன்யா" என்று யாரோ முனகினார்கள். மாமா மேடை ஓரத்தில் நின்றபடி, "கரண்ட்டுன்னுதானட்டி சொன்ன?" என்று பரிதாபமாகக் கேட்டார். பெரியப்பா அப்பாவின் பக்கம் மெல்லத் திரும்பினார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேடையிலிருந்து பின்வழியாக இறங்கி ஓடிவிடலாமா என்று கதவைத் தேடினேன். (மண்டபத்தின் பின்வழி சமையல்கட்டு வழியாகப் போகிறது. ஓடியிருந்தால் சாம்பார் அண்டாவில் விழுந்திருப்பேன்.)

அப்பா எழுந்தார். பரேடு மைதானத்துக் குரல் அவருக்கு. மைக் தேவையில்லை.

"எல்லாரும் செத்த நேரம் ஒக்காருங்க. எம் மக என்ன வேலை பாக்குதுன்னு இத்தன வருசமா எனக்கும் தெரியாது. அதுகிட்டக் கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. இன்னைக்கு நான் கேட்டுட்டுத்தான் போவேன். நீங்களும் இருந்து கேட்டுட்டுப் போங்க." பிறகு என்னைப் பார்த்து, "சொல்லு தாயி. அந்த வேற கரண்ட்டு என்னது?" என்றார்.

ஆச்சரியம், பாதிப் பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். அந்தக் குரலுக்குப் பயந்தோ, சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்பதாலோ, இல்லை ஒரு அப்பா இப்படிக் கேட்கும்போது எழுந்து போக மனம் வரவில்லையோ, எனக்குத் தெரியாது.

பேச்சுக்காக எனக்குப் பின்னால் திரையில் ஓடிக்கொண்டிருந்த வரைபடங்களை அணைத்தேன். மேடையின் விளிம்புக்கு வந்து அப்பாவிடம் மட்டும் பேசினேன்.

"அப்பா, நம்ம ஊரு மில்லுக்கு வெளிநாட்டுப் பஞ்சு வருதுல்ல? நூலும் துணியும் வெளிய போகுது. பெட்ரோல் வருது, தங்கம் வருது. நாடு முழுக்க இப்படி வாரதும் போறதும் இருக்கு. போறதவிட வாரது அதிகமாயிட்டா, அந்த எடவெளிய வெளிநாட்டுக்காரன் நம்ம மேல நம்பிக்கை வச்சுப் போடுத பணம்தான் அடைக்குது. அந்த நம்பிக்கை சில நாட்டு மேல மட்டும் திடீர்னு ஒரு நாள் போயிருது. உடனே வெல ஏறுது, வேலை போகுது, ஒண்ணும் தெரியாத சனம் கஷ்டப்படுது. அது ஏன் போகுது, போகாம இருக்க என்ன செய்யணும்னுதான் நான் படிக்கேன்."

அப்பா நெற்றியைச் சுருக்கினார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். "இதச் சொல்லவா இத்தன வருசம்?"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. மாட்டுக்காரர் சிரித்தார். மாமா தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதுகொண்டும். பெரியப்பா சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏத்தா, தங்கம் வெல எறங்குமா?" என்று ரகசியமாகக் கேட்டார். என்னை ஒரு நிபுணராக அவர் ஏற்றுக்கொண்ட முதல் தருணம் அது. தெரியாது என்று சொன்னதும் அந்தத் தருணம் முடிந்தது.

அடுத்த மாத நேர்காணலில், தயாரித்து வைத்திருந்த தொடக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அப்பாவிடம் சொன்னதையே ஆங்கிலத்தில் சொல்லி ஆரம்பித்தேன். வேலை கிடைத்தது. இன்றைக்கும் புதிதாக ஒரு கட்டுரை எழுதினால் முதல் பத்தியை அப்பாவுக்குப் போனில் தமிழில் சொல்கிறேன். "வெளங்கல தாயி" என்றால் அழித்து எழுதுகிறேன். பல நாட்டு அறிஞர்கள் என் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் தங்கள் டிரான்ஸ்பார்மருக்கு விடை கிடைக்காது என்று தெரிந்த பிறகும் எனக்காக உட்கார்ந்திருந்த அந்தச் சனத்துக்கு எந்தக் கட்டுரையின் அடியிலும் நன்றி சொல்ல வாய்க்கவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. அன்று விழா முடியும்வரை அந்தத் தெருவில் கரண்ட் ஒருமுறைகூடப் போகவில்லை. மின்வாரிய மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சுதான் காரணம் என்கிறார்கள் சிலர். மாமாவின் முடிவு வேறு. எனக்கு ராசி இருக்கிறதாம். இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று வருடந்தோறும் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லித்தருகிறேன். மாமாவுக்குச் சொல்லித்தர முடியவில்லை. சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் என் விடுமுறையைக் கேட்டுத்தான் தேதி குறிக்கிறார்கள்.

போன தடவை ஊருக்கு வந்தபோது மாமா மகள் கல்யாணம். என்னை மணமேடைக்கு நேர் எதிரே உட்கார வைத்துவிட்டு, "ஏட்டி, ஜெனரேட்டருக்குச் சொல்லல. ஒன்னத்தான் நம்பியிருக்கேன். எங்கயும் போயிராத" என்றார் மாமா. உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டினார்கள், கெட்டிமேளம் முழங்கியது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இனி நம் கடமை தீர்ந்தது என்று சாப்பிட எழுந்து, பந்திக் கூடத்து வாசல்படியைத் தாண்டினேன்.

கரண்ட் போய்விட்டது.

விளக்கும் மின்விசிறியும் நின்றுபோன மண்டபத்துக்குள்ளிருந்து, நூறு பேர் சிரிப்புக்கு மேலே, மாமாவின் குரல் கேட்டது:

"ஏட்டி! யாரக் கேட்டு எந்திருச்ச?"