மாப்பிள்ளையின் பெட்டியும் பச்சை வாளியும்

சிந்துபூந்துறை,
திருநெல்வேலி – 1.
12.10.1999

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சங்கரநயினார் அவர்களுக்கு, மாமனார் ஆவுடைநாயகம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். ஓசூரில் நீங்களும் பிரியதர்ஷினியும் சுகமாக இருக்க காந்திமதியம்மையை வேண்டிக்கொள்கிறோம். ஆற்றில் தண்ணீர் பரவாயில்லை. பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடியே ஓய்வு பெற்றவன் ஆகையால் ஆற்றைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் என்னால் எழுத முடியும். எழுதினால் விஷயத்தைச் சொல்லாமல் நழுவுகிறேன் என்று உங்கள் அத்தை சொல்வாள். அது உண்மைதான்.

போன மாதம் பிரியதர்ஷினி போட்ட கடிதத்தின் அடியில் நீங்கள் உங்கள் கைப்பட இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். 'மாமா, இந்தத் தீபாவளிக்கு வரலாம் என்று இருக்கிறேன். பரணில் வைத்த என் டிவி கேம் பெட்டி பத்திரமாக இருக்கிறதா?' தலைத் தீபாவளிக்குப் பிறகு நம் வீட்டு வாசலை மிதிக்காத மாப்பிள்ளை வருகிறேன் என்றதும் உங்கள் அத்தை விளக்கேற்ற ஓடினாள். நான் இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டு ஈஸிசேரில் உட்கார்ந்தேன். பெட்டி பரணில் இல்லை, மாப்பிள்ளை.

தலைத் தீபாவளி அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் வாயால் அதை இதுவரை நான் சொன்னதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, மோதிரம் போட்ட கையோடு நீங்கள் டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து அந்தப் பெட்டியை மாட்டி ஆடிக்கொண்டிருந்தீர்கள். முதுகில் மூட்டை கட்டிய ஒரு குள்ளன் குழி குழியாகத் தாவிக்கொண்டிருந்தான். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? 'ஏளா பிரியா, மாப்பிள்ளைக்கு மோதிரத்துக்குப் பதிலா ஒரு கிலுகிலுப்பை வாங்கிக் குடுத்திருக்கலாம் போலுக்கே' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே வயர்களைச் சுற்றி, 'பரணில் வைக்கட்டுமா மாமா' என்று கேட்டு வைத்துவிட்டு, சாயந்திர பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டீர்கள்.

அடுத்து வந்த போகிக்கு வீடு ஒழிக்கும்போது, இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று பழைய சாமான் வண்டிக்காரர் சுடலையாண்டியிடம் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். மறுநாள் பொங்கலுக்கு வந்த பிரியதர்ஷினி, அது காலமான உங்கள் அப்பா மலேசியாவிலிருந்து வாங்கி வந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டே 'அப்படியா' என்றேன். அன்று முதல் தினமும் அந்த வாளியில்தான் குளிக்கிறேன். அதே போகியில் உங்கள் அத்தை சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தவலையும் காணாமல் போயிற்று. சுடலையாண்டிதான் அடித்துக்கொண்டு போயிருப்பார் என்று தெருவில் வைத்தே கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் வெட்கத்தை விட்டு அவரையே தேடிப் போனேன். 'அது அன்னைக்கே கை மாறிட்டு அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அங்கிருந்து நேராக வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் காஜா முகைதீனிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர், 'பெட்டி எதுக்கு அண்ணாச்சி? கம்ப்யூட்டரையே அந்தப் பெட்டி மாதிரி நடிக்க வைக்கிற சாஃப்ட்வேர் இருக்கு. எமுலேட்டர்னு பேரு. நம்ம கூட்டாளி பெங்களூர்ல இருந்து ஒரு சிடி நிறைய அனுப்பியிருக்கான். உங்க குள்ளனும் அதுல இருக்கான்' என்றார். போன உயிர் வந்தது. தீபாவளிக்கு அவருடைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து வைத்து, 'பழைய பெட்டி பரணில் பத்திரமாகத் தூங்குகிறது மாப்பிள்ளை, அதைத் தொந்தரவு செய்வானேன், இதில் ஆடுங்கள்' என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

ஆனால் சிடியில் எமுலேட்டர் ஒன்று இல்லை, மூன்று. 'நீங்களே ஆடிப் பாத்து எடுங்க' என்று காஜா நாற்காலியைப் போட்டுவிட்டார். பிரியதர்ஷினிக்கு வரன் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை. உங்களுக்கு ஜாதகமும் உத்தியோகமும் பார்த்ததோடு சரி. முதலாவதற்கு ஓட்டம் தாங்கவில்லை. பாபநாசம் அணையில் ஷட்டரைத் தூக்கிவிட்ட மாதிரி குள்ளன் பாய்கிறான். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் குழியில் விழுந்து செத்துவிடுகிறான். 'இது பழைய கம்ப்யூட்டருக்குன்னு எழுதுனது, நம்ம மெஷினுக்கு வேகம் கூட' என்றார் காஜா. இரண்டாவது நிதானமான பிள்ளை, ஆனால் ஊமை. காஜா எதையெதையோ மாற்றி அதற்கு வாய் வரவைத்தார். வந்தது பாருங்கள் ஒரு சத்தம், பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கூடவே எலியேசர் சாரும் எட்டிப் பார்த்தார். எனக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஏதோ மனு அடிக்க வந்திருக்கிறார். குள்ளன் தாவும்போதெல்லாம் நானும் நாற்காலியிலிருந்து எம்பியதை எவ்வளவு நேரம் பார்த்தாரோ, 'என்ன வே ஆவுடை, பென்ஷன் வாங்குத வயசுல என்ன வே இது?' என்றார். 'பேரனுக்கு சார்' என்றேன். 'ஒமக்கு ஏது வே பேரன்?' என்றார். 'வரப்போறான் சார்' என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை, சாயந்திரத்துக்குள் சிந்துபூந்துறை முழுக்க எனக்குக் கை கொடுத்து வாழ்த்திவிட்டது. சங்கரன்கோவிலில் இருந்து உங்கள் அம்மா போன் போட்டு எத்தனை மாதம் என்று பிரியதர்ஷினியிடம் கேட்டார்களாமே, அதற்குக் காரணம் நான்தான். தயவுசெய்து நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதில் படம் கொஞ்சம் இழுக்கிறது, சத்தமும் கொசு பாடுகிற மாதிரி. காஜா வேண்டாம் என்றார். ஆனால் அதில் ஒரு வசதி. நல்லபடியாக நிற்கும் இடத்தில் ஒரு பொத்தானை அமுக்கி வைத்துக்கொண்டால், அப்புறம் குழியில் விழுந்தாலும் இன்னொரு பொத்தான் நம்மைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். இதுவே இருக்கட்டும் என்றேன். பொய் சொல்வானேன், தினமும் போகிறேன், மதியச் சாப்பாட்டை மறந்து ஆடுகிறேன். போன வெள்ளிக்கிழமை மூன்றாவது கட்டத்தைத் தாண்டினேன். இத்தனை வசதி இருந்தும் உயிர் போய் உயிர் வந்தது. அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நீங்கள் இந்தப் பொத்தான் எதுவும் இல்லாமல் ஏழாவது கட்டத்தில் நின்றீர்கள். டிவியில் ஏழு என்று போட்டிருந்ததை நான் பார்த்தேன். அந்த இடத்தில்தான் கிலுகிலுப்பை என்றேன். நம் கூடத்துக்கும் இப்படி ஒரு பொத்தான் இருந்தால், வாயைத் திறப்பதற்கு முந்தின இடத்தில் போய் நின்றுகொண்டிருப்பேன். காஜாவிடம் பசிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதனால கம்ப்யூட்டரை வச்சு உங்களை ஏமாத்த வேண்டாம்னு தோணிட்டு. உங்க அப்பா சாமானை ஒரு வாளிக்கு மாத்தினவன் நான்தான். மன்னிச்சுக்கிடுங்க மாப்பிள்ளை. பெட்டிக்கு மட்டுமில்லை, அத்தனை பேர் முன்னால சொன்ன சொல்லுக்கும் சேர்த்துத்தான். கோவம் இருந்தா இங்கன வந்து காட்டுங்க, வாங்கிக்கிடுதேன். வராம மட்டும் இருந்திராதீங்க. பிள்ளை தனியா பஸ்ஸைவிட்டு இறங்குறதைப் பாக்க எங்களுக்கு முடியலை.

வழக்கமாக இந்த இடத்தில் புத்திர பாக்கியத்துக்கு ஆசி எழுதுவேன். இப்போதுள்ள நிலைமையில் பேனா வரவில்லை. தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு, தலை நிமிராமல்,
ஆவுடைநாயகம்

பி.கு.: எந்தக் கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். கடைசியில் 'நான் கேட்டதாச் சொல்லுங்க' என்பாள், சேர்த்துக்கொள்வேன். இதையும் வாசித்தேன். மன்னிப்புக் கேட்ட இடம் வந்ததும் 'அதை இன்னொரு தடவ வாசிங்க' என்றாள். வாசித்தேன். எழுந்து போய், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய சேலையில் சுற்றிய உங்கள் டிவி கேம் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். போகி அன்றே தெருமுனைக்கு ஓடி, தவலையைக் கொடுத்து சுடலையாண்டியிடம் மீட்டிருக்கிறாள். வெளியே சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வேறு. 'ஏட்டி, இத்தனை நாளா ஏன் சொல்லலை?' என்று கேட்டேன். 'இது இருக்குன்னு தெரிஞ்சா இந்த ஒரு வரிய நீங்க எழுதியிருப்பியளா?' என்றாள். சுடலையாண்டியிடம் நாளைக் காலை போக வேண்டும். வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பெட்டி இருப்பதால் இனி இந்தக் கடிதத்துக்கே அவசியமில்லை. 'பத்திரமாக இருக்கிறது, வாருங்கள்' என்று ஒரு கார்டு போதும் என்று கிழிக்கப் போனேன். உங்கள் அத்தை பிடுங்கிக்கொண்டாள். பின்குறிப்பு எழுத மட்டும் கொடுத்துவிட்டுத் பக்கத்திலேயே நிற்கிறாள். தபாலில் சேர்ப்பதும் அவள்தானாம். ஆகவே மேலே உள்ளதை நீங்கள் வாசிக்காதது போல் இருந்துவிட்டால் நல்லது. இன்னொன்று. நான் காஜாவிடம் போகும் மதியங்களில் இவள் இங்கே டிவியில் பெட்டியை மாட்டி ஆடியிருக்கிறாள். எட்டாவது கட்டமாம். அதற்கு மேல் போகத் தெரியவில்லையாம், மாப்பிள்ளை வந்துதான் சொல்லித்தர வேண்டுமாம். 'நான் கேட்டதாச் சொல்லுங்க' என்கிறாள்.