ஹெந்தளையில் ஒரு கப்பற்சேதம்

எதையும் வாசித்தே தெரிந்துகொண்டவன் ஆபத்தான ஆள். வேறு யாரையும் குத்திக்காட்டவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில், கப்பல் நட்டஈட்டுப் பகுதியில் எழுதுவினைஞன். கப்பல் மூழ்கினால் அதன் கடிதங்கள் என் மேசைக்கு வரும். காற்று எந்தப் பக்கம் அடித்தது, அலை எத்தனை அடி, கப்டன் எப்போது கப்பலை விட்டு இறங்கினார் என்று எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்து, ஓரத்தில் பென்சிலால் "கப்டனின் கவனயீனம்" என்று எழுதுவேன். நான் கடலில் இறங்கியது வெள்ளவத்தையில், முழங்கால் வரைக்கும். (அதுவும் காற்சட்டையை மடித்துவிட்டு.)

வெள்ளவத்தையில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கை ரயில் பாதையில் போய் முடியும். பாதைக்கு அந்தப் பக்கம் கல், கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். சண்டைக் காலத்தில் அந்தக் கடல் பார்ப்பதற்கு மட்டும்தான். கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாலும் ஐடென்டிட்டி கார்ட்டைக் கேட்பார்கள். பிறகு போர்நிறுத்தம் வந்தது. சமாதானமே வந்துவிட்டது என்று நினைத்து ஊர்ச்சனம் எல்லாம் வான் பிடித்து யாழ்ப்பாணம் போய் வந்தது. அந்த நாட்களில் ஒரு பின்னேரம், பதினொரு வயது மகள் ஷாமினி கல்லில் இருந்துகொண்டு கேட்டாள்: "அப்பா, கடலுக்குள்ள நிண்டு பாத்தா எங்கட ஒழுங்கை எப்பிடித் தெரியும்?"

இத்தனை வருடமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, கடலில் இருந்து நாங்கள் எப்படித் தெரிவோம் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? அந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்த வண்டு மாதிரிக் குடைந்துகொண்டே இருந்தது.

மருதானையில் நடைபாதைப் புத்தகக்காரனிடம் ஒரு கட்டு வெளிநாட்டுப் படகுச் சஞ்சிகைகள் அகப்பட்டதும் விதி முடிந்தது. ஒரு மாதம் காலை ரயிலில் அவற்றைத்தான் வாசித்தேன். யொட் என்று ஒன்று இருக்கிறது. பாய்மரமும் உள்ளே நாலு படுக்கையும் ஒரு குட்டிக் குசினியும் உள்ள உல்லாசப் படகு. அதில் ஒரு பழையதைப் பார்த்து வாங்கினால் குடும்பத்தோடு கரையோரமாக நீர்கொழும்பு, கற்பிட்டி, காலி என்று போய் வரலாம். பழைய யொட்டை எப்படிச் சோதித்து வாங்குவது என்பது எனக்கு இப்போது பாடம். மனைவி றீற்றாவுக்கு இதை விளக்கினேன்.

"நேவிக்காரன் மறிச்சுக் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?"

"குடும்பமாக் காத்து வாங்க வந்தனாங்கள் எண்டு சொல்லுவன்."

றீற்றா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். டடி வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் வாங்கலாம். சொல்லாவிட்டால் படகுப் பேச்சு இந்த வீட்டில் கூடாது.

இந்த டடி, அதாவது என் மாமனார், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கப்பலில் ஏறி இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துவிட்டு ஓய்வு பெற்றவர். நானோ யாழ்ப்பாணத்துச் சைவம். றீற்றாவை நான் கட்டியது கோயிலிலும் இல்லை, சேர்ச்சிலும் இல்லை, பதிவாளரின் மேசையில். பேத்தி பிறந்ததும் மகளை மன்னித்தார். என்னோடு மட்டும் பதினாலு வருடமாக நேரடியாக ஒரு சொல் கதைத்ததில்லை. நான் எதிர்க் கதிரையில் இருப்பேன். "றீற்றா, உங்கட ஆளுக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்பார். நானும் றீற்றாவிடம் வேண்டும் என்பேன். அவளுக்குத்தான் வாய் நோகும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் படகை விட அந்த மனுஷன் பெரிய ஆசையாகிப் போனார். அந்த யொட்டில் வைத்தாவது என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

கொழும்புக்கு வடக்கே கடலோரத்தில், ஹெந்தளையில் பழைய யொட் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வான் பிடித்துப் போனோம். சிறில் மாத்தையா என்ற பெரியவரின் தென்னந்தோட்டத்தில் யொட் நின்றது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் அதில் தனியாக வந்து, கடல் அலுத்து, இவரிடம் விற்றுவிட்டு விமானத்தில் ஊர் போனானாம். கடல் கூப்பிடு தூரத்தில். படகோ தரையில். அடியில் மீன் செட்டை போல நீண்டிருந்த இரும்பின் மேல் நின்றது. சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் தென்னங்குற்றியால் முட்டுக் கொடுத்திருந்தது.

நான் சோதனையைத் தொடங்கினேன். திருப்புளியின் பிடியால் படகின் வயிற்றில் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டேன். மரம் உக்கிப்போயிருந்தால் சத்தம் மந்தமாக வரும் என்று சஞ்சிகையில் எழுதியிருந்தது. மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"றீற்றா, உங்கட ஆளிட்டக் கேள், நோயாளி உயிரோட இருக்கோ எண்டு."

எனக்குச் சுள்ளென்றது. நான் யார் என்று காட்டுகிறேன் பார் என்று அடுத்த பாடத்துக்குப் போனேன். விற்கிறவர்கள் வெடிப்பை மறைப்பது முட்டு தொடும் இடத்தில்தானாம். அதனால் முட்டுக்கட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். (எப்படி எடுப்பது என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கத்தைப் புத்தகக்காரன் கடலைக்காரனுக்குச் சுருள் சுற்றக் கொடுத்திருப்பான்.) சிறில் மாத்தையா அதில் கை வைக்க வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். நான் என் கந்தோர்ச் சிங்களத்தில், இது சர்வதேச நடைமுறை என்று அவருக்கு விளக்கினேன். கடல் பக்கத்து முட்டு ஒன்றைத் தட்டி எடுத்தேன். பின்னால் ஒரு ஓணான் இருந்தது, வெடிப்பு இல்லை. முட்டுக்கட்டையைத் திரும்ப வைத்துக் குதிக்காலால் இரண்டு உதை உதைத்தேன். இறுகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு எல்லோரும் ஏணி வைத்து ஏறினோம். றீற்றா சந்தேகத்துக்கென்று புட்டுப்பானையைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அதைக் குசினி அடுப்பில் வைத்துப் பார்த்தாள். பானைக்கு மேல் புட்டு அவிக்க வைக்கும் நீத்துப்பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இருந்தது. அவள் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். ஷாமினி ஒவ்வொரு படுக்கையாகப் படுத்து எழும்பினாள். மாமனார் ஒரு லாச்சியை இழுத்தார். உள்ளே கப்பல்கள் செய்தி சொல்லக் கட்டும் கொடிகள், மடித்தபடியே இருந்தன. மனுஷன் அதை மடியில் விரித்துப் போட்டு, இது ஆள் கடலில் விழுந்தால் கட்டுவது, இது வைத்தியர் தேவை என்பது என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தார். முப்பத்தைந்து வருடம் மூட்டை எண்ணியவர், கப்பலில் ஒரு நாளும் பயணம் போனதில்லை. அதையும் அப்போதுதான் சொன்னார்.

கடைசியில் கொடியை மடித்து வைத்துவிட்டு, "றீற்றா, உங்கட ஆளிட்டச் சொல்லு, படகு பிழையில்லை எண்டு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே தொங்கிய ஒரேயொரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு, கப்டன் மாதிரி மேல்தட்டுக்கு வந்தேன். அந்த நேரம் பார்த்து ஷாமினி மதிலுக்கு மேலால் கடல் தெரிகிறது என்று கூப்பிட்டாள். றீற்றா ஓடி வந்தாள், மாமனார் வந்தார், நானும் போனேன். நாலு பேரும் கடல் பக்கத்து விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம்.

கீழே டொக்கென்று ஒரு சத்தம். என் முட்டுத்தான். படகு அவசரப்படாமல், மரியாதையாகச் சாயத் தொடங்கியது.

கந்தோரில் இத்தனை வருடம் வாசித்த கடிதங்கள் எல்லாம் ஒன்றாக என் வாயில் வந்தன. எல்லோரும் கப்பலைக் கைவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் கட்டளை போட்டேன். போட்டுவிட்டு முதல் ஆளாக நானே கைவிட்டேன். முன்பக்கத்தால் ஒரே பாய்ச்சல். தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியலில் குப்புற விழுந்தேன். கண்ணை இறுக்க மூடியிருந்ததால் எங்கே விழுந்தேன் என்று தெரியவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டவன் விழுந்தால் என்ன செய்வான்? நீந்தினேன். கையையும் காலையும் அடித்து, பொச்சைப் பின்னால் தள்ளித் தள்ளி நீந்தினேன்.

படகு அதற்குள் பக்கத்துத் தென்னையில் தோளைச் சாய்த்து நின்றுவிட்டது. மூன்று குரும்பை விழுந்தது, அவ்வளவுதான் சேதம். றீற்றா புட்டுப்பானையைக் கட்டிப்பிடித்தபடி, ஷாமினி சிரித்தபடி, சரிந்த தட்டில் பத்திரமாக இருந்தார்கள். ஒருவரும் கைவிடவில்லை. கைவிட்டது கப்டன் மட்டும். இரண்டு சமுத்திரம் தாண்டி வந்தபோதும் விழாத படகு என்று சிறில் மாத்தையா மெதுவாகச் சிங்களத்தில் சொன்னதும், எனக்கு விற்கவே மாட்டேன் என்றதும் அதற்குப் பிறகு.

அதற்கு முதல், யாரோ ஏணியால் இறங்கி என் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். மாமனார். குனிந்து என் முகத்தையே பார்த்தார். றீற்றாவைக் கூப்பிடவில்லை.

"மருமகன், ஜாக்கெட்டைக் கழட்டும். கரைக்கு வந்திட்டம்."

பதினாலு வருடத்தின் பின் என்னிடம் சொன்ன முதல் வசனம் அது. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த எனக்கு, சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவர் வாரைக் கழற்ற உதவினார். திரும்பி வரும்போது வானில் என் பக்கத்தில் ஏறி இருந்து, கொட்டாஞ்சேனை வரும்வரை துறைமுகக் கதை சொன்னார். அதன் பிறகு அவரை நிறுத்தவே முடியவில்லை. சாகும்வரை என்னோடுதான் கதை. நடுவில் றீற்றாவுக்கு ஒரு சொல் விட இடம் கிடைக்காது.

யொட் வாங்கவில்லை. சமாதானமும் நிலைக்கவில்லை, கடல் பழையபடி பார்ப்பதற்கு மட்டும் என்றாகிவிட்டது. ஆனால் அந்த வசனம் வீட்டில் நிலைத்துவிட்டது. வீட்டுக்குள் வந்தும் நான் ஹெல்மெட்டோடு நின்றால் ஷாமினி அதைச் சொல்வாள். மழை விட்ட பிறகும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் றீற்றா சொல்வாள்.

போன வருடம் மெல்பேர்னில் ஷாமினியைப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டுநாயக்காவில் இறங்குவதற்காக விமானம் கடலுக்கு மேலால் தாழ்ந்து வந்தது. நான் ஜன்னலில் மூக்கை ஒட்டி, எங்கள் ஒழுங்கை தெரிகிறதா என்று தேடினேன். தென்னை, கூரை, தென்னை. நீர்கொழும்புப் பக்கமாக வரும் விமானத்தில் வெள்ளவத்தை எப்படித் தெரியும் என்று யோசிக்கவுமில்லை. தேடிக்கொண்டே இருந்தேன். விமானம் நின்று, சனமெல்லாம் இறங்கிப் போன பிறகும் நான் பெல்ட்டைக் கட்டியபடி ஜன்னலோடுதான் இருந்தேனாம்.

தோளில் ஒரு கை பட்டது. றீற்றா குனிந்து, தகப்பனுடைய குரலிலேயே சொன்னாள்: "மருமகன், கழட்டும். கரைக்கு வந்திட்டம்."