பின் சீட்டு நிபுணர்

இனி எவன் முதுகையும் பார்த்துக்கொண்டு ஆபீஸ் போகமாட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை. மனைவிக்குப் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடியும் எடுத்தேன்.

அந்த முதுகு பக்கத்து வீட்டுக்காரருடையது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைலேஜ். புது மிக்சியைக் காட்டினால்கூட "எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்கிற மனிதர். பல வருடமாக அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் நான் உத்தியோகம் பார்க்கிறேன். அவர் தும்மினால் எனக்கு மழை. ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் லேட் பண்ணிடாதீங்க, விட்டுட்டுப் போயிடுவேன்" என்பார். காவலாளி சிரிப்பான். மனுஷனுக்கு ரோஷம் வராதா?

"நான் மோட்டார் சைக்கிள் வாங்கப்போறேன்" என்றேன் மனைவியிடம்.

"வாங்குங்க."

"நெஜமாவா?"

"நானும் ரெண்டு பஸ் மாறி லேபுக்குப் போறேன். போய்ச் சேர்றதுக்குள்ள ரத்தம் குடுக்க வந்தவங்க பாதிப் பேர் கிளம்பிடறாங்க. வீட்டுக்கு ஒரு வண்டி வேணும்தானே?"

சண்டைக்கென்று நான் தயார் செய்திருந்த வாதங்கள் எல்லாம் வீணாகிவிட்டன. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முழங்காலில் இருந்த சிராய்ப்பைப் பார்த்துத்தான் பேச்சை மாற்றினேன்.

"என்ன இது?"

"வாக்கிங் போனப்ப தடுக்கிட்டேன்."

"நடக்கக்கூடத் தெரியலையே உனக்கு!" என்று சிரித்தேன்.

எனக்கு ஓட்டத் தெரியாது என்பது ஒரு சின்ன விஷயம். பழகுநர் உரிமம் கையில் இருந்தது. மைதானத்தில் ஒரு வாத்தியாரிடம் பயிற்சியும் நடந்துகொண்டிருந்தது. கிளட்ச்சை விட்டால் வண்டி நின்றுவிடும். விடாவிட்டால் நின்ற இடத்திலேயே உறுமும். நடுவில் ஒரு இடம் இருக்கிறதாம். இதுவரை என் கைக்கு அகப்படவில்லை.

என் உண்மையான குழப்பம், எந்த வண்டி என்பதுதான். மைலேஜ், "சின்ன இன்ஜின் எடுங்க, பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும்" என்றார். ஆபீஸ் கேஷியர், "கனமான வண்டிதான் ரோட்டைப் பிடிக்கும்" என்றார். பிடிக்கிற ரோடு என்னை விடுமா என்று அவர் சொல்லவில்லை. நான் செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, தெரிந்திருந்த கொஞ்சமும் போயிற்று.

கடைக்குப் போனோம். மனைவி அன்றைக்குச் சுடிதார் போட்டிருந்தாள். டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார்.

"சார், பிரேக் சிங்கிள் சேனல் ஏபிஎஸ்ஸா, டூயலா?"

"எது நிக்கும்?"

"ரெண்டும் நிக்கும் சார். உங்களுக்கு ரைடிங் பொசிஷன் எப்படி வேணும்?"

"உட்கார்ந்த மாதிரி."

அவர் கொஞ்ச நேரம் டையைச் சரிசெய்தார். நான் கறுப்பாக, உயரமாக, முறைத்துக்கொண்டு நின்ற ஒரு வண்டியைக் காட்டினேன். ஏறினேன். கால் கட்டைவிரல் மட்டும் தரையை விசாரித்தது. வண்டி மெதுவாகச் சாய்ந்தது. நானும் மரியாதைக்கு அதோடு சாய்ந்தேன். விற்பனையாளர் வண்டியைப் பிடித்தார். மனைவி என்னைப் பிடித்தாள்.

"என்னங்க, பின்னாடி உட்காரப்போறது நான்தானே? அந்த சீட்டு வசதியான்னு பார்க்க வேணாமா?"

"உட்கார்ந்து பாரேன்."

"எனக்கு என்னங்க தெரியும்? பின்னாடி உட்கார்ந்து அனுபவப்பட்டவர் நீங்க. நீங்க உட்கார்ந்து சொல்லுங்க. வண்டி சாயாம நான் சும்மா முன்னாடி உட்கார்ந்துக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. என் அனுபவத்துக்கு ஒருவர் மதிப்புக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரிசையாக எல்லா வண்டியின் பின்னாலும் ஏறி இறங்கினேன். ஒன்றில் முட்டி என் தாடையை இடித்தது. ஒன்றில் சறுக்கிக்கொண்டு போய் மனைவி முதுகில் மோதினேன். கடைசியாக ஒரு நீல நிற வண்டி. அகலமான சீட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி, பாதத்துக்குப் பாந்தமான இடம்.

"ஆகா! சோபா மாதிரி இருக்கு!" என்று கத்தினேன்.

முன்னால் மனைவியின் இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. "அப்ப இதுவே போதுமாங்க? நீங்களே முடிவு பண்ணுங்க."

"நான் முடிவு பண்ணியாச்சு!"

வண்டியை எடுக்கப் போன அன்று விற்பனையாளர் சாவியோடு வந்தார். நான் கையை நீட்டினேன். சாவி என் கையைத் தாண்டிப் போயிற்று.

"வாழ்த்துகள் மேடம்."

மேடம் கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினாள். போட்டோவில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்போ?" என்றேன்.

"வாக்கிங் போனப்ப."

"நடந்தா லைசென்ஸ் குடுக்கறாங்களா?"

"மைலேஜ் வீட்டு அக்கா தினம் விடிகாலையில மைதானத்துல கத்துக்குடுத்தாங்க. கிளட்ச்தான் முதல்ல படுத்துச்சு. அப்புறம் நடுவுல ஒரு இடம் இருக்குங்க, அது பிடிபட்டுடுச்சு."

"அப்ப நான்?"

"எல் போர்டு வண்டியில பின்னாடி ஆள் ஏத்தக்கூடாதுன்னு உங்க வாத்தியார் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் நான் எப்படிங்க வேலைக்குப் போறது? நீங்க பழகுற வரைக்கும் நான் ஓட்டறேன்."

"பழகின பிறகு?"

"பாவம், சோபா மாதிரி இருக்குன்னு ஆசையா சொன்னீங்களே."

மறுநாள் காலை கிளம்பினோம். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், வண்டி ஒரு இடத்திலும் குலுங்கவில்லை. சிக்னலில் மைலேஜை முந்தினோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆபீஸ் வாசலில் அழகாக நிறுத்தினாள். நான் இறங்கினேன்.

"சாயங்காலம் லேட் பண்ணிடாதீங்க, விட்டுட்டுப் போயிடுவேன்."

காவலாளி சிரித்தான். முதுகு மட்டும்தான் மாறியிருந்தது.