கமாவுக்கு மணி, முற்றுப்புள்ளிக்கு பிரேக்

ஆங்கிலம் பேச மற்றவர்களுக்கு வாய் இருந்தால் போதும். எனக்குக் காலும் வேண்டியிருந்தது. (இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் மனைவி மட்டும் சிரிக்காமல் ‘ஆமாம்’ என்று தலையாட்டுகிறாள். அதுதான் அதிகம் வலிக்கிறது.)

எழுபதுகளின் கடைசி. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். மதுரையில் ஒரு மில் அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டு, எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். பாக்கி இருந்தது ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் தேர்வு. அதில் கோட்டை விட்டால் சிம்மக்கல்லில் பெரியப்பாவின் வெங்காய மொத்த வியாபாரக் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு என் மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் கையில் கிடைத்ததை எறிந்துதான் அதைக் காட்டுவார். வெங்காயம் என்றால் பரவாயில்லை, பக்கத்திலேயே எடைக்கல்லும் இருக்கும்.

போன தடவை தேர்வுக்குப் போனவர்களிடமெல்லாம் சைக்கிளைப் பற்றித்தான் கேட்டார்களாம். டுட்டோரியல் வாத்தியார் ஒருவரிடம் சொல்லி, சைக்கிள் ஓட்டுவது குறித்து ஒரு பதில் தயாரித்து வாங்கினேன். அவர் அதை வாசித்துக் காட்டியபோது எனக்குப் புல்லரித்தது. தினமும் நான் மிதித்து மிதித்துச் சலித்த வண்டி, ஆங்கிலத்தில் சொன்னதும் ஆகாய விமானம் மாதிரி ஆகிவிட்டது.

மனப்பாடம் செய்வதில்தான் சிக்கல். வீட்டில் வாயைத் திறந்தால் “தொரை வாராரு, தொரைக்கு மோர் குடுங்க” என்று கேலி. அதனால் சிநேகிதன் முத்துவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு கால்வாய்க் கரை ரோட்டுக்குப் போய்விடுவேன். அவன்தான் அதிகாரி. நான் மிதிப்பேன், அவன் பின்னாலிருந்து கேள்வி கேட்பான்.

“டூ யூ ரைடு எ பைசைக்கிள்?”

“யெஸ் சார். ஐ ரைடு எ பைசைக்கிள் டெய்லி.”

“மாப்ள, முழுசும் ஒரே மூச்சுல உருளுதுடா. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்து.”

அதற்கும் அவனே வழி கண்டுபிடித்தான். ஒரு மிதிக்கு ஒரு வார்த்தை. கமா வந்தால் மணி. முற்றுப்புள்ளி வந்தால் பிரேக். இரண்டே வாரத்தில் பதில் கணீரென்று வந்தது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “அடேயப்பா, இம்புட்டு இங்கிலீசா!” என்று வாயைப் பிளந்தார். எனக்கே என்னைப் பார்த்துப் பிரமிப்பாக இருந்தது.

தேர்வு நாள். அறையில் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு மேசை, ஒரு டீ டம்ளர். நான் எதிரே உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டதே, “டூ யூ ரைடு எ பைசைக்கிள்?”

மீனாட்சி கைவிடவில்லை என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை திறந்தேன், அப்போதும் காற்றுதான். கண்ணுக்கு முன்னால் எடைக்கல் தெரிந்தது.

அப்போது மேசைக்கு அடியில் என் கால்கள் தாமாகவே மிதிக்கத் தொடங்கின. உடனே வார்த்தையும் வந்தது. “யெஸ்... சார்.” முற்றுப்புள்ளி. இரண்டு கையாலும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். டீ தளும்பியது. “ஐ... ரைடு... எ...” என் முழங்கால் இடித்து மேசை குதித்தது. அதிகாரி டம்ளரைத் தூக்கிக்கொண்டு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை அதிசயப் பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கால்களைக் காட்டி, “என்ன தம்பி இது?” என்று தமிழிலேயே கேட்டார். அழாத குறையாக உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து வராந்தாவுக்கு நடந்தார். அங்கே பியூன் சோலையின் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. அதைக் காட்டி, “ஏறு” என்றார்.

“சார், புது வண்டி சார். இன்னும் பூசை போட்ட சந்தனங்கூடக் காயல” என்றார் சோலை. யார் கேட்டார்கள்?

ஏறினேன். பின்சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. பாருங்கள், அணை திறந்த மாதிரி வந்தது ஆங்கிலம்! சீப் என்றேன், மணி அடித்தேன். ஸ்ட்ராங் என்றேன், மணி அடித்தேன். வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த மற்ற பையன்கள் எழுந்து வந்து நின்றார்கள். டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அத்தனை பேரும் கோயில் யானையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெருமையில் அடுத்த முற்றுப்புள்ளிக்கு பிரேக்கைக் கொஞ்சம் பலமாகப் பிடித்துவிட்டேன்.

வண்டி முன்னால் குலுங்கி ஸ்டாண்டு மடங்கியது. சக்கரம் தரையைத் தொட்டது. அத்தோடு குதித்திருக்கலாம். ஆனால் கடைசி வாக்கியம் பாக்கி இருந்ததே! பிரேக்கை விட்டு மிதித்தேன். வராந்தாப் படிகளில் தடதடவென்று இறங்கினேன். “எ குட் சைக்கிளிஸ்ட்,” டிங், “ஷுட் கீப் டு த லெஃப்ட்,” டிங், “ஒபே த டிராஃபிக் ரூல்ஸ்,” டிங். முன்னால் வேப்பமரம். ஆனால் முற்றுப்புள்ளி வராமல் பிரேக் பிடித்து என் கைகளுக்குப் பழக்கமில்லை. வாத்தியாரோ அந்த வாக்கியத்தை மிக நீளமாக எழுதியிருந்தார்.

மரம் முந்திக்கொண்டது.

கண் விழித்தபோது அதிகாரி மூச்சிரைக்க என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

“ஆர் யூ ஹர்ட்?”

“நோ சார்,” என்றேன். முன்சக்கரம் எட்டாக வளைந்து கிடந்தது. “சைக்கிள் ஈஸ் ஹர்ட்.”

“ஈஸ் இட் யுவர் சைக்கிள்?”

தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த சோலையைக் காட்டினேன். “நோ சார். ஹிஸ் சைக்கிள். ஹி ஈஸ் ஹர்ட்.”

சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டேன். இது வாத்தியார் எழுதிக் கொடுத்ததில்லை. முத்து கேரியரில் இல்லை. கால்கள் மண்ணில் நீட்டியபடி அசையாமல் கிடந்தன. ஒருவர் கேட்டார், நான் பதில் சொன்னேன், அவருக்குப் புரிந்தது! விழுந்த வலியெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆங்கிலம் என்பது இவ்வளவுதானா, இவ்வளவு பெரிதா என்று மல்லாந்து கிடந்தபடியே வியந்தேன்.

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் நாளே சோலை வாசலில் நிறுத்தி, “அண்ணே, இனிமே இங்கிலீசு பேசணும்னா நடந்துக்கிட்டே பேசுங்கண்ணே” என்றார். பிறகு என் கல்யாணத்துக்கு வந்து, மணமேடையிலேயே முழுக்கதையையும் என் மனைவியிடம் ஒப்பித்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே ஆங்கில வாக்கியம் ‘ஹி ஈஸ் ஹர்ட்.’ சாம்பாரில் உப்பில்லை என்று நான் முகத்தைத் தூக்கினால் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்வாள். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வாள்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வடக்கேயிருந்து வந்த டாக்டர் பையனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கிலத்திலேயே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு வலியில் பேச்சே வரவில்லை. அவன் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கொஞ்சமும் சிரிக்காமல் என்னைக் காட்டி, “ஹி ஈஸ் ஹர்ட்” என்றாள்.

டாக்டர் உடனே ஊசியை எடுத்தான்.