அம்மா வராத சாலையில் ஐந்து பேர்

திட்டம் போடத் தெரிந்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண்ணெதிரே நடப்பதைவிடத் தாளில் இருப்பதைத்தான் நம்புவார்கள். நான் பிறை என்ற ஊரில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு எதைச் செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தப் புத்தியை அலுவலக வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அப்போது எனக்கு இருபத்தேழு வயது. உலகமே நான் போடும் அட்டவணைக்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா, கடலுக்கு அந்தப் பக்கம் தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனில் நடக்கும் மாரத்தானில் அரை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அப்பாவின் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது.

அம்மா தொழிற்சாலைக் கேண்டீன் ஒன்றில் பல வருடம் சமைத்து ஓய்ந்தவர். ரத்த அழுத்தம் இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதால், பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி மே லிங்கோடு எங்கள் தாமான் குடியிருப்பின் திடலைச் சுற்ற ஆரம்பித்தார். நடை வேகநடையாகி, வேகநடை ஓட்டமாகி, கடைசியில் இங்கே வந்து நின்றது.

"இருபத்தோரு கிலோமீட்டர்னா எவ்ளோ தூரம் தெரியுமாம்மா?"

"தெரியும் லா. இங்கேர்ந்து தாசேக் கெலுகோர்ல உன் மாமா வீடு வரைக்கும். உங்கப்பாகூட சண்ட போட்டப்பல்லாம் நடந்தே போயிரலாமான்னு யோசிச்ச தூரந்தானே."

அப்பா அடுத்த அப்பளத்தை எடுத்துக்கொண்டார்.

அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாரும் வேலைவெட்டிய விட்டுட்டு அலைய வேணாம். முடிக்கிற எடத்துல ஒருத்தர் நின்னு கை தட்டுனா போதும்."

ஒருத்தராம்! கை தட்டினால் போதுமாம்! நான் அன்று இரவே கணினியைத் திறந்துவிட்டேன்.

ஓட்டத்தின் வரைபடத்தை இணையத்திலிருந்து இறக்கி, மறுநாள் அலுவலக அச்சு இயந்திரத்தில் அச்செடுத்தேன். அம்மாவின் வேகத்தைக் கணக்கிட்டு, மூன்று இடங்களைக் குறித்தேன். முதல் இடம், ஃபெர்ரி இறங்குதுறையை ஒட்டிய வெல்ட் குவே கடலோரச் சாலை. இரண்டாவது, அதே சாலையில் தெற்கே சற்றுத் தள்ளி. மூன்றாவது, ஓட்டம் முடியும் பாடாங் திடல். "7.15 முதல் 7.25 வரை: உற்சாகப்படுத்துதல். 7.25 முதல் 7.40 வரை: ரொட்டி சானாய்." ஆளுக்கொரு பிரதி எடுத்து, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையும் போட்டேன். (ரொட்டி சானாய்க்குப் பக்கத்தில் 'கறி தனியாக' என்று அடைப்புக்குறியில் எழுதியிருந்தேன். என்னை அப்போது யாராவது ஒரு அறை விட்டிருக்கலாம்.)

படையில் ஐந்து பேர். நான், அப்பா, அம்மாவின் தம்பி ராஜன் மாமா, அவர் மனைவி சரோஜா அத்தை, அவர்கள் மகள் திவ்யா. மாமா தாசேக் கெலுகோரிலிருந்து வரும்போதே கல்யாண வீட்டு அளவுக்கு ஓர் அலுமினிய மூடியும் கரண்டியும் கொண்டுவந்திருந்தார். திவ்யா பேனர் அடித்திருந்தாள். அம்மா தனியாக இருக்கும் நல்ல படம் கிடைக்காததால், ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கழுத்து நிறைய நகை, கீழே 'லெட்சுமி வெல்க'.

ஞாயிறு விடியும் முன்பே அம்மா மே லிங்கின் காடியில் ஏறிப் பாலம் கடந்து போய்விட்டார். போகும்போது தன் கைப்பேசியை என் பையில் போட்டார். "ஓடுறப்போ இத எவன் தூக்குறது?" என்றார். எண் அட்டையை நெஞ்சில் குத்தியிருந்தார். நீல நிற அட்டை. அதை நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். எனக்கும் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசம், அப்பா பார்த்ததை மனசில் வைத்துக்கொள்வார்.

நாங்கள் முதல் ஃபெர்ரியில் கடலைத் தாண்டி, ஏழு மணிக்கெல்லாம் வெல்ட் குவேயில் இடம் பிடித்துவிட்டோம். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. அட்டவணைப்படி எல்லாம் நடந்தது. அந்தப் பத்து நிமிடம் என் வாழ்க்கையின் மிக ஒழுங்கான பத்து நிமிடம்.

ஓட்டக்காரர்கள் வந்தார்கள். மாமா மூடியைத் தட்டினார். அத்தை குலவை போட்டார். களைத்துப்போய் ஓடிவந்த ஒரு சீனப் பெரியவர், சத்தம் கேட்டு எங்களிடம் ஒதுங்கி, கஞ்சி விற்கிறோமா என்று மலாயில் கேட்டார். இன்னொருவர் பேனரை உற்றுப் பார்த்து, இந்த அம்மா எந்தக் கட்சி என்றார். ஆனால் மணி ஏழே முக்காலாகியும் பேனரில் இருந்தவர் மட்டும் வரவில்லை.

"ரெண்டாவது எடத்துக்குப் போவமா?" என்றாள் திவ்யா.

"இங்க பாக்காம எப்படிப் போறது? கொஞ்சம் மெதுவா வருவாங்க," என்றேன்.

எட்டு மணி. எட்டேகால். ரொட்டி சானாய்க்கான நேரம் எப்போதோ கடந்து போயிருந்தது. அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவே நிறத்தைப் பார்த்தே கப்பலைச் சொல்லிவிடுவார். அவர் மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"வாணி, போறவங்க எல்லாரும் சிவப்பு அட்ட போட்டிருக்காங்க. அம்மாவுது நீலந்தானே?"

"அப்பா, ப்ளான்ல இந்த ரோடுதான் இருக்கு."

"ஒரு நீலங்கூட வரலம்மா. முந்நூறு பேரு போயிருப்பாங்க."

"ப்ளான்ல இருக்குப்பா!"

ஆயிரம் பெட்டி பார்த்த மனிதரை ஒரு பிளாஸ்டிக் உறையால் அடக்கினேன்.

எட்டு ஐம்பதுக்கு மறுபடியும் தாளை எடுத்துப் பார்த்தேன். தாள் தப்பாக இருக்க முடியாது. ஆகவே அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும். ரத்த அழுத்தம். முழங்கால். எங்கோ ஒரு மர நிழலில் மயங்கிக் கிடக்கிறார். கைப்பேசி என் பையில். அப்போது எனக்கு வந்த அழுகை நிஜமான அழுகை. இன்று எழுதும்போது சிரிப்பு வந்தாலும், அந்தச் சாலையோரத்தில் நின்ற அந்த ஒரு நிமிடம் அம்மா இல்லாத வீட்டை நான் பார்த்துவிட்டேன்.

"பாடாங்குக்கு ஓடுங்க!" என்று கத்தினேன்.

நாங்கள் ஐந்து பேரும் ஓடினோம். மூடி, கரண்டி, பேனர் சகிதம். ஓட்டக்காரர்கள் எங்களுக்குக் கை தட்டினார்கள்.

பாடாங்கில் முதலுதவிக் கூடாரத்தில் அம்மா இல்லை. அங்கிருந்த தாதி அடையாளம் கேட்டபோது திவ்யா பேனரை விரித்தாள். "பட்டுப் புடவையிலா ஓடினார்?" என்று தாதி கேட்டார். மேடையில் ஒரு மலாய் இளைஞர் ஒலிவாங்கியோடு அதிர்ஷ்டக் குலுக்கல் பரிசுகளை அறிவித்துக்கொண்டிருந்தார். நான் மேடையேறி அவர் காலில் விழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். குலுக்கலை உடனே நிறுத்திவிட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தார். "திருமதி லெட்சுமியைக் காணவில்லை. வயது ஐம்பத்தெட்டு. ரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் உண்டு. பார்த்தவர்கள் மேடைக்கு அழைத்து வரவும்."

"தமிழ்ல யாராச்சும் சொல்றீங்களா?" என்று கேட்பதுபோல் அவர் சைகை செய்யவும், மாமா ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அக்கா! எங்க இருந்தாலும் வந்துரு! யாரும் திட்ட மாட்டோம்! பிபி மாத்திர போட்டியா? எங்கக்காவுக்குக் கொஞ்சம் மறதி வேற உண்டுங்க!"

திடலின் மறுகோடியில் கூட்டம் விலகியது. அம்மா ஓடி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையையும் தூக்கி, முகமெல்லாம் பல்லாக, கழுத்தில் பதக்கம் ஆட, இருபத்தோரு கிலோமீட்டரில் ஒருபோதும் ஓடியிருக்க முடியாத வேகத்தில். பின்னால் மே லிங், வாயில் வாழைப்பழத்தோடு.

பாதித் தூரம் வந்தபின்தான் அம்மாவின் கை இறங்கியது. பிறகு சிரிப்பு இறங்கியது. காரணத்தைப் பிறகு சொன்னார். குலுக்கலில் முதல் பரிசு ஒரு துணி துவைக்கும் இயந்திரம். ஒலிபெருக்கியில் தன் பெயர் மட்டும்தான் முதலில் அவர் காதில் விழுந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அம்மா தன் ஓட்டக் கூட்டாளிகளிடம் தனக்கு நாற்பத்தொன்பது என்று சொல்லி வைத்திருந்தார். கணக்கு உதைக்கக்கூடாதே என்று என் வயதையும் இருபதாக்கியிருந்தார். அது எனக்கே அன்றுதான் தெரியும். கூட்டாளிகள் பத்துப் பேரும் திடலில்தான் நின்றார்கள். இரண்டு மொழியில் வயதையும் மூன்றாவதில் மறதியையும் கேட்டுவிட்டார்கள்.

மே லிங் பழத்தை விழுங்கிவிட்டு அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். மலாயில் மெதுவாகக் கேட்டார். "ஐம்பத்தெட்டா? நாற்பத்தொன்பதுன்னீங்களே?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் மேடையின் பலகைகளுக்குள் புதைந்துபோகத் தயாராக இருந்தேன். ஆனால் மே லிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "நான் மட்டும் ஐம்பத்திரண்டா? அறுபத்தொன்று லா!" அம்மாவும் மே லிங்கும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கூட்டாளிகளில் இன்னும் இரண்டு பேர் அங்கேயே உண்மையைக் கக்கினார்கள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "நீங்கல்லாம் எங்க நின்னீங்க?"

"வெல்ட் குவேல..."

"அங்க எதுக்குடி? நாங்க கர்னி கடற்கர பக்கம் போயி அதே வழியா திரும்பிட்டோம். அந்தப் பக்கம் முழு மாரத்தான் ஓடுறவங்கதானே போவாங்க?"

என் தாளை வாங்கிப் பார்த்த மே லிங், தன் கைப்பேசியில் அதே வரைபடத்தைக் காட்டினார். அதில் முழு மாரத்தான் பாதை சிவப்புக் கோடு, அரை மாரத்தான் பாதை நீலக் கோடு. எங்கள் அலுவலக அச்சு இயந்திரத்துக்குத் தெரிந்தது கறுப்பும் வெள்ளையும்தான். என் தாளில் இரண்டும் ஒரே சாம்பல் கோடு. நான் நீளமான கோட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் திட்டம் போட்டிருக்கிறேன்.

அப்பா மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு மௌனத்துக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"அப்போ நீ முடிச்சப்ப யாரும் இல்லியாக்கா?" என்று மாமா கேட்டார்.

"யாரும் இல்ல," என்றார் அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னார். "தேடுனேன். கூட்டத்துல தெரியலன்னு நெனச்சேன். பக்கத்துல யாரோ ஒரு புள்ள கை தட்டுச்சு."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு திடீரென்று எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்த்தார். கடைசி ஓட்டக்காரர்கள் ஒருவர் இருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

"சரி, வாங்க. நான் அந்த மரத்துக்கிட்டேர்ந்து மறுபடியும் வர்றேன். ஒழுங்கா கை தட்டணும்."

"அம்மா, காலு வலிக்கும்..."

"ஏற்கெனவே வலிக்குதுடி. இன்னும் நூறு மீட்டர்ல என்னா ஆயிரப் போகுது?"

பதக்கத்தைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அம்மா நொண்டி நொண்டி மரத்தடிக்கு நடந்து போனார். நாங்கள் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நின்றோம். அம்மா கையசைத்துவிட்டு ஓட ஆரம்பித்ததும் மாமா மூடியைத் தட்டினார், அத்தை குலவை போட்டார், திவ்யா பேனரைப் பிடித்தாள். கூட்டாளிகள் பத்துப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். மேடையிலிருந்த இளைஞருக்குக் குஷி பிறந்துவிட்டது. "திருமதி லெட்சுமி கிடைத்துவிட்டார்! வயது ஐம்பத்தெட்டு!" என்று கத்தினார். திடலே ஆர்ப்பரித்தது. அம்மா கோட்டைத் தாண்டினார். அப்பா பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டார். கல்யாணத்தன்று மாலை மாற்றியபோதுகூட அம்மா முகத்தில் அவ்வளவு கூச்சம் இருந்திருக்காது.

நான் எதுவுமே திட்டமிடாத அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைக்கு உருப்படியாக நடந்தது.

அதற்குப் பிறகு அம்மா இன்னும் நான்கு ஓட்டங்கள் ஓடிவிட்டார். மூத்தோர் பிரிவில்தான் பெயர் கொடுக்கிறார். வீட்டுக் கதவில் எனக்கான அட்டவணையை அவரே ஒட்டுகிறார். அதில் ஒரு வரிதான் இருக்கும்: 'முடியும் இடத்தில் நில்.'

ஆனால் குடும்பம் என்னை விடுவதாக இல்லை. அம்மா குளியலறையில் ஐந்து நிமிடம் அதிகமாக இருந்தால் போதும், அப்பா உள்ளங்கையை வாயில் குவித்து மூன்று மொழியில் அறிவிப்பார். போன மாதம் திவ்யாவின் கல்யாணம். குடும்பப் படம் எடுக்கும்போது அம்மாவைக் காணோம். மாமா நாதஸ்வரக்காரரை நிறுத்தச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். "திருமதி லெட்சுமியைக் காணவில்லை. வயது..."

சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறந்தது. அம்மா பட்டுப் புடவையோடு, ஒரு கையில் பாதி வடையோடு, இரண்டு கையையும் தூக்கியபடி ஓடி வந்தார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.