முயலுக்கு ஒரு கால் அதிகம்

ஒரு காட்டில், வாலை ஆட்டுவதற்குக்கூட மனு எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரு காட்டில், செவந்தி என்றொரு முயல் இருந்தது. கண்ணியில் சிக்கிப் பின்னங்கால் ஒன்றைப் பறிகொடுத்த முயல். மாற்றுத்திறனாளிச் சலுகையாகத் தினமும் ஒரு கட்டு அறுகம்புல்லைக் கழுதை அதன் வளைக்கே கொண்டுவந்து போடும். புல்வெளியில் செந்நாய்கள் திரிந்தன. மூன்று காலோடு அங்கே மேயப்போனால் அவற்றுக்குத்தான் விருந்து.

திடீரென்று விதி மாறியது. மறுமதிப்பீட்டு முகாமில் நாரை அதிகாரி கோப்பைப் புரட்டியது.

"இந்தாம்மா, புது விதிப்படி காட்டோட சராசரிக் கால் ரெண்டு."

"எப்படி சார் ரெண்டு?"

"பாம்புக்கும் மீனுக்கும் கால் இல்ல. பறவைக்கு ரெண்டு. எல்லாரையும் சேர்த்து வகுத்தாச்சு. உனக்கு மூணு இருக்கு. ஒண்ணு அதிகம். இன்னையிலேருந்து பாதிக் கட்டுதான். அடுத்த மாசம் அதுவும் கிடையாது."

"நான் செத்துருவேன் சார்!"

"அதுக்குத் தனிப் படிவம் இருக்கு" என்றது நாரை, ஒற்றைக் காலில் நின்றபடி.

செவந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அரை வயிறாக இருக்கும்போது மூளை நன்றாகவே வேலை செய்கிறது. நொண்டி நொண்டிப் போய் ஒரு மட்கிய மரத்தைத் தட்டியது.

"மரவட்டை அக்கா, உங்க ஆளுங்க யாராவது காட்டுப் பதிவேட்டுல பேர் சேர்த்திருக்கீங்களா?"

"எங்களை யாரும்மா கூப்பிட்டாங்க?"

மறுநாள் முகாம் வாசலில் நாலாயிரம் மரவட்டைகள் வரிசை கட்டி நின்றன. காட்டில் வாழும் எவரும் பெயர் சேர்க்கலாம் என்று படிவத்திலேயே அச்சடித்திருந்ததால் நாரையால் மறுக்க முடியவில்லை. மூன்று நாள் உட்காராமல் கால் எண்ணியது. சராசரி தொண்ணூறுக்கு ஏறியது.

செவந்திக்கு இப்போது எண்பத்தேழு கால் குறைவு. முழுக் கட்டும் திரும்பி வந்தது. யானைக்கும் மானுக்கும் நாரைக்கும்கூடச் சான்றிதழ் கிடைத்தது. அறுபது கால் இழந்த ஒரு மரவட்டைக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதற்கு இன்னும் நூற்று நாற்பது இருந்தது.

தனக்கு எண்பத்தாறு கால் இல்லை என்று கேள்விப்பட்ட சிங்கராஜா சபையிலேயே கண்கலங்கினார்.

"இந்தக் குறையோடயா இத்தனை வருஷம் ஆட்சி பண்ணினேன்!"

ராஜா புல் தின்பாரா என்று கேட்காதீர்கள். அவருக்குக் கட்டு சுமந்து போகும் கழுதை அடிக்கடி மாறியது, அவ்வளவுதான்.

அதன்பிறகு ஒரு மந்திரி, சலுகையைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று வாய் திறந்தார். ராஜா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். செவந்தியின் வளைக்குப் புல்கட்டு ஒருநாள்கூடப் பிந்தவில்லை. பண்டிகை நாட்களில் இரண்டாகவும் வந்தது.

நீதி: சலுகை நிலைக்க வேண்டுமானால் உனக்கு எத்தனை கால் குறைகிறது என்று காட்டாதே, ராஜாவுக்கு எத்தனை குறைகிறது என்று காட்டு.