படகு சீட்டுக்கு வைத்தியம்

நோய்க்கு வைத்தியம் சொல்கிற மனிதர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பயந்தே பஸ்ஸில் இருமலை அடக்கிக்கொள்ளப் பழகிவிட்டோம். அவர்களுக்குத் தம்பி முறையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கறைக்கு வைத்தியம் சொல்கிறவர்கள். வேட்டியில் வாழைக்கறை, சுவரில் ஓதம், குக்கரில் அடிப்பிடித்த கருப்பு, சட்டைப் பையில் கசிந்த பேனா மை என்று எது கண்ணில் பட்டாலும், தலையைச் சாய்த்துப் பார்த்து, விரலால் தொட்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, பிறகு மெதுவாகத் திறந்து, ஒன்றும் பெரிய வேலை இல்லை என்று தொடங்குவார்கள். பெரிய வேலை இல்லைதான். செய்யப்போவது அவர்கள் இல்லையே.

அவர்களுடைய அளவுகளைக் கவனித்திருக்கிறீர்களா? கொஞ்சம் எலுமிச்சை, லேசாக உப்பு, ஒரு மாதிரி வெதுவெதுப்பு. கறை போகவில்லை என்றால் அந்தக் கொஞ்சம் கூடிப்போயிருக்கும், அல்லது அந்த லேசு குறைந்துபோயிருக்கும். வைத்தியத்தின் மேல் குற்றம் வருவதே இல்லை. சொல்லும்போது கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். அந்தக் கைகளில் பிரஷ்ஷைக் கண்டவர் கிடையாது.

கேரளத் தேயிலை மலையில், சாந்தன்பாறைப் பக்கம் இந்த இனத்துக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் மிக்கேல்ராஜைக் காட்டலாம். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஃபிட்டர். இலை உருட்டும் மிஷின் முனகினால், தூக்கத்தில் இருந்து எழுப்பிக் கேட்டாலும் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். போன வருஷம் ரிட்டயர் ஆனார். அதற்குப் பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. வீட்டில் ஃபேன்கூட நன்றாகச் சுற்றித் தொலைத்தது. முப்பது வருஷம் ‘மிக்கேலைக் கூப்பிடு’ என்ற குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த அமைதி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் காலையில் ஒரு டம்ளர் பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கீழே அணைக்கட்டுத் தண்ணீரில் இருக்கும் படகுத் துறைக்கு இறங்கிவிடுவார்.

அங்கே மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு படகு வைத்திருந்தார்கள். முன்னால் நின்றவள் சிசிலி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படகு ஓட்ட லைசன்ஸ் எடுத்தவள். கற்பகம் அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். ஆனந்தி தையல்காரி. பன்னிரண்டு சீட்டு, எல்லாம் வெள்ளை ரெக்ஸின். மழை தொடங்குகிற ஜூனில் படகைக் கட்டிப்போடும்போதே மிக்கேல்ராஜ் வந்து நின்றார்.

“தாயி, தார்ப்பாய நல்லா இறுக்கிக் கட்டணும். எறும்பு நுழைய வழி இருக்கக் கூடாது.”

கட்டினார்கள். எறும்பும் நுழையவில்லை, காற்றும் நுழையவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு திங்கட்கிழமை தார்ப்பாயைப் பிரித்தபோது, பன்னிரண்டு சீட்டிலும் கடுகு கொட்டினமாதிரி கருப்புக் கருப்பாய்ப் பூஞ்சை. தையல் ஓரங்களில் பச்சை. திறந்த வேகத்தில் அடித்த வாடையில் ஆனந்தி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

விஷயம் என்னவென்றால், மேலே இருக்கும் ஒரு ரிசார்ட்டில் இருந்து டின்சி என்ற மேனேஜர் வெள்ளிக்கிழமை படகைப் பார்க்க வருவதாக இருந்தாள். பிடித்திருந்தால் ஓண சீசன் முழுக்க ரிசார்ட் விருந்தாளிகள் இந்தப் படகுக்குத்தான். பிடிக்காவிட்டால் சிசிலி மறுபடி கூடையைத் தூக்க வேண்டியதுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிக்கேல்ராஜ் படகுக்குள் இறங்கினார். தலையைச் சாய்த்தார். தொட்டார். முகர்ந்தார்.

“கட்டும்போது சீட்டு ஈரமா இருந்திருக்கு” என்றார். “சரி, போகட்டும். எலுமிச்சம்பழத்த உப்புல தொட்டுத் தேய்ங்க. பூசணம் பேரச் சொல்லாம ஓடிரும்.”

நாற்பது எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். பூசணம் ஓடவில்லை. ஈ வந்தது. உப்பு பட்ட இடங்களில் ரெக்ஸின் கீறல் விழுந்து சொரசொரத்தது.

“நாட்டுப் பழம் வாங்கலையா?” என்று கேட்டார் மிக்கேல்ராஜ்.

செவ்வாய்க்கிழமை மண்ணெண்ணெய். ஃபேக்டரியில் எத்தனை கிரீஸ் கறையை அதனால் துடைத்திருக்கிறார் தெரியுமா? ஒரு சீட்டில் போட்டுப் பார்த்தார்கள். பளபளப்பு முழுக்கப் போய், சீட்டு விரலில் ஒட்டியது. சுற்றுலாப் போகிறவர்கள் மண்ணெண்ணெய் வாசனையில் அணைக்கட்டைச் சுற்ற விரும்ப மாட்டார்கள் என்று கற்பகம் சொன்னாள். வாசனை இரண்டு நாளில் போய்விடும், அவசரப்பட்டால் எந்த வைத்தியமும் பலிக்காது என்று மிக்கேல்ராஜ் சொன்னார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் பொய்க்காரர் இல்லை. அந்த மூன்று பெண்களும் ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்பினார். ராத்திரி படுக்கும்போது சீட்டுகள்தான் கண்ணுக்குள் நின்றன. எந்த வைத்தியத்தைச் சொல்வது என்பதைத் தவிர அவருக்கு வேறு சந்தேகமே வரவில்லை, அதுதான் கோளாறு.

புதன்கிழமை காலையில் ப்ளீச்சிங் பவுடர். அவர் சொன்ன ‘நல்லா கெட்டியா’ என்பதை ஆனந்தி ரொம்ப நல்லாவே எடுத்துக்கொண்டாள். ஒரு சீட்டில் களிம்புபோல் அப்பி, உச்சி வெயில் வரை விட்டார்கள். கழுவியபோது, ஆச்சரியம், வெள்ளை. கருப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. மிக்கேல்ராஜின் முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் ஒரு வருஷத்துக்குப் பிறகு முன்னால் வந்தன; ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டன.

“இனி எல்லாத்துக்கும் இதேதான். வேகம் பத்தலைன்னா இதுலயே கொஞ்சம் வினிகர ஊத்திக்கிடுங்க. ரெண்டும் சேந்தா—”

கற்பகம் வாளியை அவர் பக்கத்தில் இருந்து இழுத்து எட்ட வைத்தாள்.

“ரெண்டும் சேந்தா விஷப்புகைண்ணே. ஆஸ்பத்திரில ஒருத்தி கக்கூஸ் கழுவும்போது கலந்துட்டா. அவளையே தூக்கி கட்டில்ல போட்டாங்க. அந்தப் பேச்சே வேண்டாம்.”

“தெரியும், தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்” என்றார் மிக்கேல்ராஜ். ஆனால் அவருக்கு வியர்த்தது.

அந்த வியர்வையை மறைக்கத்தானோ என்னவோ, வெளுத்த சீட்டில் போய் ராஜாமாதிரி உட்கார்ந்தார். சாய்ந்தார். டர்ர் என்று ஒரு சத்தம். பழைய நூல், கெட்டியான ப்ளீச்சிங் பவுடரில் அரை நாள் வெந்து, தையல் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை விட்டுப்போனது. மிக்கேல்ராஜ் ஈரப் பஞ்சுக்குள் இறங்கினார். ஆனந்தி சிரித்துவிட்டாள். கற்பகம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

சிசிலி சிரிக்கவில்லை. கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து கிழிந்த சீட்டையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, இந்த வைத்தியம் எதையாவது உங்க வீட்டுல செஞ்சு பாத்திருக்கீங்களா?”

“செய்யாமலா சொல்லுதேன்?”

“நல்லா வந்துச்சா?”

இது போன்ற கேள்வி இந்த இனத்தாரிடம் கேட்கக் கூடாதது. அவர் அணைக்கட்டின் அக்கரையைப் பார்த்தார். மழை வருமோ என்றார்.

சிசிலி எழுந்து நேராக அவர் வீட்டுக்கே நடந்தாள். மிக்கேல்ராஜின் மனைவி இருதயம்மாள் ஊறுகாய் போடுகிறவள். அவளிடம் தனியாகத் தெளித்துப் பார்க்க வினிகர் இருக்கும், வேறு ஏதாவது யோசனையும் இருக்கும் என்பது சிசிலியின் கணக்கு. நனைந்த வேட்டியோடு மிக்கேல்ராஜ் பின்னாலேயே ஏறினார். ஏற்றத்தில் மூச்சு வாங்கி அவர் வாசலுக்கு வந்தபோது, உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிய கால் படியிலேயே நின்றுவிட்டது.

“வைத்தியமா?” என்று இருதயம்மாள் சொல்வது கேட்டது. “இங்க வா, காட்டுதேன்.”

முன் அறையில் ஒரு ரெக்ஸின் சோபா இருந்தது. ரிட்டயர் ஆனபோது ஃபேக்டரிக்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அதன் மேல் எப்போதும் ஒரு பூப்போட்ட பெட்ஷீட் விரித்திருக்கும். விருந்தாளிகள் அதை அழகுக்கு என்று நினைத்திருந்தார்கள். இருதயம்மாள் பெட்ஷீட்டை உருவினாள். எலுமிச்சை தின்ற இடம், மண்ணெண்ணெய் தின்ற இடம், ப்ளீச்சிங் பவுடர் தின்ற இடம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. மீதி இடத்தில் பூசணம் நிம்மதியாகக் குடியிருந்தது.

“ஒரு வருசமா வைத்தியம் நடக்கு” என்றாள் இருதயம்மாள். “நோயாளி போய்ச் சேந்தாச்சு. வைத்தியரு இன்னும் ஓயல.”

சிசிலி பெட்ஷீட்டை எடுத்து மறுபடி சோபா மேல் விரித்தாள். அது மிக்கேல்ராஜுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் திட்டியிருக்கலாம்.

இருதயம்மாள் தையல் மிஷினுக்கு அடியில் இருந்து ஒரு ஸ்டூலை இழுத்தாள். அதுவும் ரெக்ஸின்தான். பால் மாதிரி இருந்தது.

“இதுலயும் பூத்துச்சு. அவரு கண்ணுல படாம ஒளிச்சு வச்சுத் தப்பிச்சேன். வெந்நியில சோப்புத் தண்ணி, மெத்துனு ஒரு பிரஷ். முதல்ல அதுல தேச்சுத் தொடச்சுப்புடு. அப்புறம் வினிகர் பாதி, தண்ணி பாதி, நல்லா தெளிச்சு கா மணி நேரம் விடு. மறுபடி தேச்சு, வெறுந்தண்ணில தொட. விடாத புள்ளிக்கு சோடாமாவக் குழைச்சுப் போடு. அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, அடியில பஞ்சு காயணும். அது காயலைன்னா நீ என்ன தேச்சாலும் நாலு நாள்ல திரும்பப் பூக்கும்.”

“சீட்டக் கழட்டுனாத்தான அக்கா அடி காயும். பத்து வருசத்துத் துரு. போல்டு அசையவே மாட்டேங்குது.”

வாசலில் ஒரு செருமல் கேட்டது. இரண்டு பெண்களும் திரும்பினார்கள். மிக்கேல்ராஜ் பரணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய ஸ்பானர் பெட்டி இருந்தது.

சிசிலியும் பரணைப் பார்த்தாள். “சீட்டக் கழட்டித் தாங்க மாமா” என்றாள். “வாய மட்டும் கழட்டிராதீங்க.”

வியாழக்கிழமை விடிந்ததும் அவர் படகில் மல்லாந்து படுத்திருந்தார். நாற்பத்தெட்டு போல்ட். எண்ணெய் விட்டு, காத்திருந்து, தட்டி, ஒவ்வொன்றின் முனகலையும் காது வைத்துக் கேட்டு, எது இடக்கு பண்ணும் என்று அறிந்து, ஒன்றைக்கூட உடைக்காமல் மதியத்துக்குள் கழற்றி வைத்தார். மேலே பெண்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தி பிரஷ்ஷைப் பிடித்த விதம் தவறு என்று அவருக்குத் தெரிந்தது. கற்பகம் வினிகரை மேலிருந்து தெளிக்காமல் கீழிருந்து தெளிப்பதும் தெரிந்தது. இரண்டு தடவை வாய் திறந்தது. இரண்டு தடவையும் ஸ்பானரைப் பல்லில் கவ்விக்கொண்டார். இருதயம்மாளே சோற்றுத் தூக்கோடு வந்து அந்தக் காட்சியைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டாள்.

சீட்டுகளைப் பாறை மேல் சாய்த்துக் காற்றில் விட்டார்கள். மாலை தூறலுக்கு முன் கற்பகத்தின் வீட்டுக்குள் அடுக்கி ஃபேனைப் போட்டார்கள். கிழிந்ததை ஆனந்தி நைலான் நூலில் தைத்தாள். மண்ணெண்ணெய் குடித்த சீட்டை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் புது ரெக்ஸின் வாங்கும்வரை, அது டிரைவர் சீட்டானது. சிசிலி அதன் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மிக்கேல்ராஜ் சீட்டுகளைத் திரும்ப மாட்டி முடித்தபோது டின்சி வந்தாள். பன்னிரண்டு சீட்டையும் பார்த்தாள், இரண்டில் உட்கார்ந்தாள், ஒன்றில் குனிந்து மூக்கை வைத்தே பார்த்தாள்.

“வேற படகெல்லாம் ஒரே பூப்பலா இருக்கு. ஸ்மெல் சகிக்கல” என்றாள், பூசணத்தை மலையாளத்தில் சொல்லி. “நீங்க எந்தா பண்ணீங்க?”

மூன்று பெண்களும் மிக்கேல்ராஜைப் பார்த்தார்கள். எத்தனை பெரிய வாய்ப்பு. கேட்பவள் படித்த பெண், மேனேஜர், வெளியூர்க்காரி; ஒரு வார்த்தை மறுத்துப் பேச ஆளில்லை. நாற்பத்தெட்டு போல்ட்டும் அவர் பக்கம் சாட்சி சொல்லும்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றார் மிக்கேல்ராஜ். “எம் பொஞ்சாதிட்ட கேக்கணும்.”

அறுபது வருஷத்தில் அந்த வாக்கியம் அவர் வாயில் இருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவுகிறவர்மாதிரி கொஞ்ச நேரம் வாயை அசைத்தார். வலிக்கவில்லை போலிருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, டின்சி மேலே ஏறிய பிறகு, சிசிலி முதல் சவாரியாக அவரையும் இருதயம்மாளையும் ஏற்றி அணைக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? பத்து நாள் தாங்கினார். பதினோராம் நாள், கோயிலில் ஃபாதரின் அங்கியில் மெழுகு சொட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார்.

அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பூஞ்சை பூத்த அந்தச் சீட்டுகளைப் பற்றிப் படித்துக்கொண்டு வரும்போது, நடுவில் எங்கேயோ உங்களுக்கு நாக்கு அரித்ததே. இவ்வளவு பாடு எதற்கு, வேப்பெண்ணெய் என்று ஒன்று இருப்பது இந்த மலைக்காரர்களுக்குத் தெரியாதா, அல்லது பற்பசை, அல்லது சாம்பல், அல்லது உங்கள் பெரியம்மா வீட்டில் கைகண்ட வேறு ஏதோ ஒன்று என்று நினைத்தீர்களே. பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிச் சொல்லியும் ஆகிவிட்டதா? பரவாயில்லை. எழுந்து போய், உங்கள் வீட்டு சோபாவில் விரித்திருக்கும் பெட்ஷீட்டை மட்டும் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.